திணைக்களத்துக்கு நிறுவனக் கட்டமைப்புக் கொள்கை எழுதுகிறோம்: யாருக்கு என்ன பொறுப்பு?

கனகராயன் (கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். நான் வேலை செய்வது மாகாணத் திணைக்களம் ஒன்றில். பெயர் வேண்டாம். எங்கள் பணிப்பாளர் நிறுவனக் கட்டமைப்புக் கொள்கை ஒன்றுக்கு வரைவு கேட்டிருக்கிறார். என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று பயிற்சிகளில் சொல்வார்களே, அதுதான்: அலுவலகத்தின் வேலைகள், தரவு, கணினி முறைமைகள் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்த வேண்டும், எதற்கு யார் பொறுப்பு என்று வகுப்பது. அவர் பார்த்த பிறகு அமைச்சின் செயலாளருக்குப் போகும்.

நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. 2009க்குப் பிறகு, மீள்குடியேற்றக் காலத்தில் வந்த ஒவ்வொரு திட்டமும் தன் பங்குக்கு ஒரு மென்பொருளைத் தந்துவிட்டுப் போனது. வாழ்வாதார உதவிக்கு ஒன்று, புனரமைப்பு வேலைகளுக்கு ஒன்று, பயனாளிகளைப் பதிய இன்னொன்று. சில இன்னும் ஓடுகின்றன. சிலவற்றின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை. இதற்கு மேல் கொழும்பு அமைச்சுகளின் முறைமைகள். எல்லாவற்றுக்கும் மேலே, உண்மையில் வேலை நடக்கிற எக்செல் கோப்புகள்.

என் கேள்விகள் மூன்று. கொள்கைக்குள் என்ன இருக்க வேண்டும், எவ்வளவு நீளம்? இதையெல்லாம் மேற்பார்க்கும் தலைமைக் கட்டமைப்பாளர் பொறுப்பை, ஆளணியில் அப்படி ஒரு பதவியே இல்லாதபோது, யாரிடம் கொடுப்பது? எங்களுக்குச் சொந்தமில்லாத மத்திய முறைமைகளைக் கொள்கையில் எப்படிக் கையாளுவது?

மாந்தைக்காரி

தம்பி, முதலில் நீளத்தைச் சொல்லிவிடுகிறேன். நான்கு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். செயலாளர் ஒரே அமர்வில் வாசித்து முடிக்க வேண்டும். கணினி வகைகள், மென்பொருள் பதிப்புகள், எழுத்துரு, காப்புப்பிரதி எத்தனை நாளுக்கு ஒருமுறை, இவை எல்லாம் தராதரம். இணைப்பில் போடுங்கள். கொள்கைக்குள் பதிப்பு எண்ணை எழுதினால் அது மாறும் ஒவ்வொரு முறையும் அங்கீகாரத்துக்கு மேலிடம் வரை போகவேண்டி வரும். கொள்கை சொல்ல வேண்டியது இதுதான்: அங்கீகரித்த தராதரப் பட்டியல் ஒன்று இருக்கும், அதை இன்ன பதவியில் இருப்பவர் பேணுவார், எல்லா முறைமைகளும் அதைப் பின்பற்ற வேண்டும், பின்பற்ற முடியாவிட்டால் விலக்கு இப்படிக் கேட்க வேண்டும்.

இந்தத் துறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பாதி விடை கிடைக்கும். 1987இல் ஜோன் ஸக்மன் ஐபிஎம் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையைத்தான் தொடக்கம் என்பார்கள். 1995இல் டோகாஃப் (TOGAF) என்ற வழிகாட்டிச் சட்டகம் வந்தது. இரண்டும் கட்டமைப்பை எப்படி வரைவது, எந்த ஒழுங்கில் செய்வது என்று கற்றுத் தருபவை. அரச நிறுவனங்களில் இது பல் முளைத்து நின்றது 1996இல், அமெரிக்காவின் கிளிங்கர்-கோஹன் சட்டத்தோடு. அந்தச் சட்டம் வரைபடம் கீறச் சொல்லவில்லை. ஒவ்வொரு பெரிய நிறுவனத்திலும் ஒரு தலைமைத் தகவல் அலுவலர் இருக்க வேண்டும், தொழினுட்பக் கட்டமைப்பை உருவாக்கிப் பேணுவது அவர் கடமை, பணம் ஒதுக்கும் தீர்மானமும் அதோடு சேர்ந்து நடக்க வேண்டும் என்றது. பதவி, கடமை, பணம் மூன்றையும் ஒன்றாகக் கட்டியதுதான் விசயம்.

எங்கள் நாட்டிலும் 2009இல் அமைச்சரவை அங்கீகரித்த மின் அரசாங்கக் கொள்கை, அரச நிறுவனங்களில் தலைமைப் புத்தாக்க அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொன்னது. அதனால் நீங்கள் புதிதாக ஒன்றைக் கேட்கவில்லை. அந்தப் பொறுப்பு உங்கள் திணைக்களத்தில் யாருக்கு என்று எழுத்தில் போடச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான்.

உள்ளடக்கத்துக்கு வழமையான பிரிப்பு மூன்று: இன்றைய நிலை, அடைய வேண்டிய நிலை, இடையில் போகும் வழி. அனேகமானோர் இரண்டாவதில்தான் ஆசையோடு இறங்குவார்கள். நீங்கள் முதலாவதில் நில்லுங்கள். திணைக்களத்தில் ஓடும் ஒவ்வொரு முறைமைக்கும், ஒவ்வொரு எக்செல் கோப்புக்கும் ஒரு வரி. அந்த வரியில் உரிமையாளர் யார் என்ற கட்டம் வெறுமையாக இருந்தால், அங்கேதான் உங்கள் வேலை.

பூநகரான்

நான் களத்தில் நிற்கிற தொழினுட்ப உத்தியோகத்தர். ஒன்றைக் கேட்கிறேன், யாரும் குறைநினைக்க வேண்டாம். இந்தக் கொள்கையால் எனக்கு என்ன?

எங்கள் பக்கக் குளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 80 ஹெக்டேயருக்குள், அதாவது 200 ஏக்கருக்குள் பாய்ச்சும் சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. அதற்கு மேலே போனால் நீர்ப்பாசனம். அதிலும் இரணைமடு போல மாகாணத்துக்குள் அடங்கும் ஆற்றில் இருப்பது மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு, ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்கள் ஊடாக ஓடும் ஆற்றோடு தொடுப்பானது மத்திய திணைக்களத்துக்கு. சட்டப்படி இது தெளிவு. பதிவேட்டில்தான் தெளிவில்லை.

ஒரு சின்னக் குளம். கமநல நிலையத்தின் பதிவில் ஒரு பெயர். பிரதேச செயலகத்தின் அனர்த்தப் பட்டியலில் அதே பெயர் வேறு எழுத்துக்கூட்டில். புனரமைப்புத் திட்டம் ஒன்று தந்த பட்டியலில் ஆங்கில எழுத்தில், கடைசியில் இரண்டு எழுத்துக் குறைவாக. மூன்றிலும் கொள்ளளவு மூன்று மாதிரி, ஏனென்றால் ஒன்று புனரமைப்புக்கு முந்தியது, ஒன்று அணைக்கட்டு உயர்த்திய பிறகு அளந்தது, மற்றது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது எந்தக் குளம் எந்த நிலையில் இருக்கிறது என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். அந்த நேரம் எனக்கு வேண்டியது ஒரே ஒரு பட்டியல். எந்தக் கொள்கையும் வேண்டியிருக்கவில்லை.

மாந்தைக்காரி

பூநகரான் அண்ணை, நீங்கள் கேட்ட அந்த ஒரே பட்டியல்தான் இந்தக் கொள்கையின் முழு நோக்கமும். அந்தக் குளத்தின் கொள்ளளவை மாற்றி எழுதும் அதிகாரம் யாருக்கு? இதற்கு ஒரு பதவியின் பெயரை எழுத்தில் போடாதவரை எவ்வளவு நல்ல மென்பொருள் வந்தாலும் நான்காவது பட்டியல்தான் உருவாகும்.

தரவுக்கு மூன்று விதமான ஆட்கள் இருப்பார்கள். கனகராயன் தம்பி, இதைக் கொள்கையில் வடிவாகப் பிரித்து எழுதுங்கள். உரிமையாளர் என்பவர் அந்தத் தரவு சரியா பிழையா என்று தீர்மானிப்பவர். குளத்துக்கு அது பொறியியலாளர், கணினிப் பிரிவு அல்ல. காப்பாளர் என்பவர் அதைச் சேமித்து, காப்புப்பிரதி எடுத்து, அனுமதி உள்ளவருக்கு மட்டும் திறந்துவிடுபவர். அதுதான் கணினிப் பிரிவு. மற்றவர் எல்லோரும் பாவனையாளர். அவர்கள் பிரதி எடுக்கலாம், ஆனால் தங்கள் பிரதியில் திருத்தக்கூடாது, பிழை கண்டால் உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும்.

எங்கள் அலுவலகங்களில் நடப்பது என்னவென்றால் கணினி தொடர்பான எல்லாமே கணினிப் பிரிவின் தலையில். குளத்தின் பெயர் பிழை என்றால் கணினிப் பிரிவில் இருக்கும் எங்களைக் கேட்கிறார்கள். நாங்கள் எப்படித் தீர்ப்புச் சொல்வது?

பூநகரான்

இது விளங்குகிறது. அப்படியென்றால் நான் எதிர்ப்பில்லை. ஆனால் உரிமையாளர் என்று பெயர் போட்டால் போதாது, திருத்தத்துக்கு நாள் கெடுவும் வேண்டும். நான் அறிக்கை கொடுத்து அது அடுத்த போகம் வரை மேசையில் கிடந்தால் மறுபடி என் சொந்தக் கொப்பியில்தான் எழுதுவேன்.

ஐந்தொகை (வவுனியா)

கணக்குப் பக்கத்திலிருந்து வருகிறேன். மாந்தைக்காரி தங்கச்சி சொன்ன பதவி, கடமை, பணம் என்பதில் மூன்றாவதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. என் அனுபவத்தில் அது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் சுற்றறிக்கைக் கோவைக்குள் போய்விடும்.

நிதிப்பிரமாணங்களின்படி ஒரு திணைக்களத்தின் செலவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கணக்கீட்டு உத்தியோகத்தர், அதாவது திணைக்களத் தலைவர். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்த பிறகு அது இன்னும் இறுகியிருக்கிறது. ஆகவே கட்டமைப்பாளர் என்று ஒருவரை வைத்து, அவர் வேண்டாம் என்றால் வாங்க முடியாது என்று எழுதினால் அது நிற்காது. சட்டப்படி பொறுப்பு உள்ளவரின் கையைக் கீழுள்ளவர் கட்ட முடியாது. இப்படி எழுதுங்கள்: கணினி முறைமை, மென்பொருள், இணையச் சேவை எதுவானாலும் கட்டமைப்பாளரின் எழுத்து மூல அபிப்பிராயம் கோவையில் இல்லாமல் கணக்கீட்டு உத்தியோகத்தரின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கக்கூடாது. அவர் அந்த அபிப்பிராயத்தை மீறலாம். மீறினால் காரணத்தை அதே கோவையில் எழுத வேண்டும். இதற்கு எந்தத் தலைவரும் மறுப்புச் சொல்லமாட்டார், ஏனென்றால் நாளைக்குக் கணக்காய்வு ஐயவினா வந்தால் அவரையே காப்பாற்றுவது அந்தத் தாள்தான்.

அடுத்தது எந்தக் கட்டத்தில் என்பது. பலர் இதைத் தொழினுட்ப மதிப்பீட்டுக் குழுவில் கொண்டுபோய் வைப்பார்கள். அங்கே வரும்போது விலைமனு திறந்தாயிற்று, எதை வாங்குவது என்று எப்போதோ முடிவாகிவிட்டது. மறுத்தால் அந்த ஆண்டு ஒதுக்கீடு திரும்பிப்போகும் என்று எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். வரவுசெலவு மதிப்பீடுகள் தயாரிக்கும் நேரத்திலேயே, வருடாந்தப் பெறுகைத் (கொள்வனவு) திட்டத்துக்குள் ஒரு வரி நுழையும் முன்பே, கேள்வி கேட்கப்பட வேண்டும். இதே வேலையைச் செய்யும் முறைமை ஏற்கெனவே இருக்கிறதா? இதன் தரவுக்கு உரிமையாளர் யார்? மூன்றாம் ஆண்டில் பராமரிப்புப் பணம் எந்தச் செலவுத் தலைப்பில் வரும்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வந்தவைதான் இன்றைக்குக் கனகராயன் தம்பி சொல்லும் கடவுச்சொல் தெரியாத முறைமைகள். திட்டம் முடிந்தது, பணம் முடிந்தது, வழங்குநர் தொலைபேசி எடுக்கவில்லை.

நெடுங்கேணி

ஐந்தொகை ஐயா, அந்தத் திட்ட முறைமைகள் எங்கள் பெறுகைக்குள் வருவதே இல்லையே. நன்கொடையாளர் தன் பணத்தில் செய்து, முடிந்த பிறகு ஒரு வைபவம் வைத்துக் கையளிப்பார். மதிப்பீட்டிலும் இல்லை, பெறுகைத் திட்டத்திலும் இல்லை. அவற்றை எப்படிப் பிடிப்பது?

ஐந்தொகை (வவுனியா)

புரிந்துணர்வு உடன்படிக்கையில் பிடிக்க வேண்டும். கையொப்பமிடும் முன் கோவை திணைக்களத் தலைவரிடம் வரத்தானே வேண்டும்? அந்த இடத்தில் கட்டமைப்பாளரின் அபிப்பிராயம் வேண்டும் என்று கொள்கையில் போடுங்கள். மூலநிரல், தரவுத்தளம், நிருவாகிக் கணக்கு, தமிழில் ஒரு கையேடு, இத்தனையும் இறுதித் தவணைக்கு முன்பு ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. இலவசமாக வருவது என்பதற்காகப் பார்க்காமல் எடுக்கக்கூடாது. இலவசமாக வந்தவைதான் பின்னர் அதிக செலவு வைத்தவை.

கனகராயன்

ஐயா, மிக்க நன்றி. மதிப்பீட்டுக் கட்டம், உடன்படிக்கைக் கட்டம் இரண்டையும் வரைவில் சேர்த்துவிட்டேன். யார் கட்டமைப்பாளர் என்பது மட்டும் இன்னும் இழுபடுகிறது. இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பச் சேவையிலிருந்து எங்களுக்கு ஒருவர்தான் இருக்கிறார். அவரும் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்.

நெடுங்கேணி

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுத விடுங்கள், ஏனென்றால் வன்னி அலுவலகங்களின் பெரிய வருத்தமே இதுதான். வெளி மாவட்டத்திலிருந்து நியமனம் பெற்று வருபவர்கள் காலம் முடிந்ததும் ஊருக்குப் போக விரும்புவார்கள். அது அவர்களின் நியாயம், பிள்ளை குட்டி, பள்ளிக்கூடம் எல்லாம் அங்கே. ஆனால் அவர் போகும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கையளிப்புப் பட்டியலில் மேசை இருக்கும், சுழல் கதிரை இருக்கும், மின்விசிறி இருக்கும், மடிக்கணினியின் பொருட்பதிவு இலக்கம் இருக்கும், அலுமாரித் திறப்பு இரண்டு என்றும் இருக்கும். முறைமையின் நிருவாகிக் கணக்கு இருக்காது. அது அவருடைய சொந்த ஜிமெயிலில் திறந்தது. காப்புப்பிரதி அவருடைய சொந்த ஹார்ட் டிஸ்கில். இணையத்தளத்தின் பெயர்ப் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் அவருக்குத்தான் போகும், அவரோ இப்போது யாழ்ப்பாணத்தில் வேறு கதிரையில்.

ஆகவே பொறுப்புகளைப் பதவிக்கு எழுதுங்கள், ஆளுக்கு எழுதாதீர்கள். இரண்டாவது, ஒவ்வொரு பொறுப்புக்கும் பதில் கடமையாற்றுபவர் யார் என்றும் எழுதுங்கள். மூன்றாவது, கையளிப்புப் பட்டியலின் படிவத்தையே மாற்றி, முறைமைக் கணக்குகளுக்கு ஒரு பகுதி சேருங்கள். அந்தப் பகுதியில் பொறுப்பேற்பவர் தானே உள்நுழைந்து பார்த்ததாகக் கையொப்பம் வைத்த பிறகுதான் விடுவிப்புக் கடிதம். உங்கள் கட்டமைப்புக் கொள்கையில் உடனே பலன் தரக்கூடியது இந்த ஒரு தாள்தான் என்று நினைக்கிறேன்.

மாந்தைக்காரி

நெடுங்கேணி சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். கட்டமைப்பாளருக்கு முழுநேரப் பதவி கேட்டு ஆளணி அங்கீகாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அது வரும்போது வரட்டும். பிரதிப் பணிப்பாளர் அல்லது திட்டமிடல் பணிப்பாளர் ஒருவருக்குத் தலைமைப் பொறுப்பை மேலதிக கடமையாகக் கொடுங்கள். தகவல் தொழினுட்ப உத்தியோகத்தர் அவருக்குச் செயலாளராக இருக்கட்டும். ஏன் என்றால் கிளைத் தலைவர்களைக் கூப்பிட்டு இந்த இரண்டு பட்டியலில் ஒன்றை நிறுத்துங்கள் என்று சொல்லும் நிலை தரத்தில் ஒருவர் வேண்டும். மூன்றாம் தர உத்தியோகத்தர் ஒருவர் அதைச் சொன்னால் யார் கேட்பார்?

அதோடு ஒரு கட்டமைப்புக் குழு. திணைக்களத் தலைவர், பிரதிப் பணிப்பாளர், கணக்காளர், தரவு உரிமையாளர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும்.

ஐந்தொகை (வவுனியா)

குழுவில்தான் எனக்கு உடன்பாடில்லை. இன்னொரு குழு என்றால் இன்னொரு கூட்டம், இன்னொரு கூட்டக் குறிப்பு. முதல் ஆண்டு கூடும், பிறகு நின்றுவிடும். கணக்காய்வு மற்றும் முகாமைத்துவக் குழு என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, காலாண்டுக்கு ஒருமுறை கூடியே ஆகவேண்டும். அதன் நிகழ்ச்சிநிரலில் இதை நிரந்தர விடயமாகப் போடுங்கள்.

மாந்தைக்காரி

ஐயா, அந்தக் குழு நடந்ததைப் பார்ப்பது. நடக்கப்போவதைத் தீர்மானிப்பது வேறு வேலை. கணக்காய்வுக் குழுவில் குளத்தின் எழுத்துக்கூட்டைப் பற்றிக் கதைக்க முடியுமா?

பூநகரான்

நான் இடையில் புகுகிறேன். பயிர்ச்செய்கைக் கூட்டம் போலச் செய்யலாமே. போகம் தொடங்கும் முன் கமக்காரர் அமைப்புகள், நீர்ப்பாசனம், கமநலம், வங்கி, பிரதேச செயலாளர் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்து, குளத்தில் இவ்வளவு தண்ணீர், இவ்வளவு ஏக்கர், இன்ன திகதி திறப்பு, இன்ன திகதி பூட்டு என்று தீர்மானிக்கிறோம். தீர்மானித்தால் அது எல்லோரையும் கட்டும். பிறகு போகம் முழுக்கக் கூட்டம் வைப்பதில்லை. அதே மாதிரி மதிப்பீடு தயாரிக்கும் முன் ஒரு பெரிய கூட்டம், ஆண்டு நடுவில் ஒன்று. இடையில் வரும் சின்ன விசயங்களுக்குக் கட்டமைப்பாளரே கையொப்பம் வைக்கட்டும். செய்தார்களா இல்லையா என்பதை ஐந்தொகை ஐயாவின் குழு காலாண்டுக்கு ஒருமுறை பார்க்கட்டும்.

ஐந்தொகை (வவுனியா)

சரி, இது நடக்கக்கூடியது. ஏற்றுக்கொள்கிறேன்.

கனகராயன்

எனக்கும் பிடித்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன். மூன்றாவது கேள்விக்கு யாராவது வாருங்கள். மத்திய முறைமைகள்.

மாந்தைக்காரி

அவை உங்கள் அதிகாரத்துக்கு வெளியே. அவற்றை மாற்றச் சொல்லிக் கொள்கையில் எழுதி ஒரு பயனும் இல்லை. ஆனால் அவற்றோடு உங்கள் தரவு எங்கே தொடுகிறது என்பது உங்கள் கையில். எந்தத் தகவலைக் கொடுக்கிறோம், எதை எடுக்கிறோம், எந்த வடிவத்தில், யார் கையொப்பத்தோடு. ஒவ்வொரு தொடுப்புக்கும் ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். கொள்கையில் ஒரு விதி போதும்: மத்திய நிறுவனம் ஒன்று உரிமை கொண்ட தரவை நாங்கள் தனியாகத் திருத்திப் பேணமாட்டோம், அவர்களின் குறியீட்டையே பயன்படுத்துவோம்.

ஒரு உதாரணம், அடையாள அட்டை இலக்கம். பழையது ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தும். 2016 முதல் புதியது பன்னிரண்டு இலக்கம். ஒரே கமக்காரர் பழைய இலக்கத்தில் ஒரு பட்டியலிலும் புதிய இலக்கத்தில் இன்னொன்றிலும் இருப்பார். கணினிக்கு அவர் இரண்டு பேர். பழையதைப் புதியதாக்குவது கடினமில்லை: பிறந்த ஆண்டை நான்கு இலக்கமாக்கி, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியத்தைச் சேர்த்து, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். நிரல் எழுதுபவர் பத்து நிமிடத்தில் எழுதிவிடுவார். ஆனால் திணைக்களம் முழுவதும் இனிமேல் பன்னிரண்டு இலக்கத்தில்தான் சேமிப்போம், பழைய அட்டை கொண்டு வந்தாலும் மாற்றியே பதிவோம் என்பதை எந்த நிரலாளரும் தீர்மானிக்க முடியாது. அது கட்டமைப்பாளர் தராதரப் பட்டியலில் போட வேண்டிய தீர்மானம்.

எழுத்துருவும் அப்படித்தான். பாமினியில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளில் பெயரைத் தேடினால் அகப்படாது. யூனிகோட் கட்டாயம் என்று தராதரத்தில் எழுதி, பழையவற்றை மாற்ற ஒரு கெடு போடுங்கள்.

முள்ளியவளை அக்கா

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். நான் சமூகசேவைப் பக்கம். எல்லோரும் குளத்தையும் பெறுகையையும் கதைத்தீர்கள். நான் சனத்தின் பட்டியல்களைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

எங்கள் மாவட்டங்களில் எத்தனை விதமான பட்டியல் எடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெண் தலைமைத்துவக் குடும்பங்கள். அவயவம் இழந்தவர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள். தடுப்பிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொரு நிறுவனமும் வந்து அதே வீட்டில் அதே அம்மாவிடம் அதே கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போனது. ஒவ்வொரு முறையும் அந்த அம்மா எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி அழ வேண்டியிருந்தது. அந்தப் பட்டியல்கள் இப்போது எங்கே? பென் டிரைவில், பழைய மடிக்கணினியில், போய்விட்ட திட்டத்தின் தரவுத்தளத்தில். ஒரு இளம் விதவையின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், வீட்டில் ஆண் துணை இல்லை என்ற தகவல், எல்லாம் ஒரே வரியில். இது யார் கையில் போனாலும் பரவாயில்லை என்று விடக்கூடிய தகவலா?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அரச நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். ஆகவே உங்கள் தரவு உரிமையாளர் என்ற பொறுப்பில் இதையும் எழுதுங்கள்: தனிநபர் விபரம் உள்ள எந்தப் பட்டியலையும் திணைக்களத்துக்கு வெளியே கொடுப்பதென்றால் உரிமையாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். யாருக்கு, எதற்காக, எந்த விபரங்கள் மட்டும், எப்போது அழிக்க வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். நல்ல நோக்கத்தோடு கேட்பவர்களுக்கும் இதே விதி. புதிதாகக் கணக்கெடுப்பு நடத்த வருபவர்களிடம், இந்தத் தகவல் ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறது, மறுபடி அந்த வீட்டுக்குப் போக வேண்டாம் என்று சொல்லும் பலமும் அப்போதுதான் வரும். எனக்கு இந்தக் கொள்கை வேண்டியது இதற்காகத்தான்.

கனகராயன்

அக்கா, இதை நான் கட்டாயம் சேர்க்கிறேன். இணைப்பில் போடமாட்டேன், கொள்கையின் உடலிலேயே தனிப் பந்தியாக.

நெடுங்கேணி

காப்பாளர் பொறுப்பிலும் பல் வேண்டும். 2023இல் நடந்தது நினைவிருக்கும். அரச மேகக் கணினியில், தரவைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் தாக்குதல் நடந்து, அரச மின்னஞ்சல் முகவரி பாவித்த அலுவலகங்களுக்கு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் இல்லாமல் போயின. அமைச்சரவை அலுவலகமும் அதற்குள் இருந்தது. அந்தக் காலத்துக்குப் வலையமைப்புக்கு வெளியே வைத்த காப்புப்பிரதி இருக்கவில்லை, ஓடிய மென்பொருளும் பழைய பதிப்பு. பதிப்பை உயர்த்த வேண்டும் என்பது முன்பே தெரிந்த விசயம், பணமும் தீர்மானமும்தான் பிந்தின.

கொள்கைக்கு இதில் வேலை இருக்கிறது. பதிப்பு காலாவதியாகப் போகிறது என்பதை எழுத்தில் அறிவிக்கும் கடமை காப்பாளருக்கு. அறிவித்த பின் பணம் ஒதுக்குவதா, ஆபத்தை ஏற்பதா என்று எழுத்தில் பதில் சொல்லும் கடமை திணைக்களத் தலைவருக்கு. பதில் இல்லாமல் கிடக்கும் அறிவித்தல்கள் காலாண்டுக் குழுவுக்குப் போக வேண்டும். காப்புப்பிரதி எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து மீட்டுப் பார்த்த திகதியையும் பதிய வேண்டும்.

பூநகரான்

தம்பி கனகராயன், விலக்கு பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்? வெள்ளம் வந்தால் நான் கட்டமைப்பாளரின் அபிப்பிராயத்துக்குக் காத்திருக்க முடியாது. அந்த நேரம் வாட்ஸ்அப்பிலும் கூகுள் படிவத்திலும்தான் வேலை நடக்கும்.

கனகராயன்

விலக்குப் பந்தியை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"அனர்த்த காலத்தில் கிளைத் தலைவர் தராதரத்துக்குப் புறம்பான கருவியைப் பயன்படுத்தலாம். முப்பது நாட்களுக்குள் அதைக் கட்டமைப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். அதில் சேர்ந்த தரவு உரிய பதிவேட்டுக்கு மாற்றப்பட்டு, தனிநபர் விபரங்கள் வெளிக் கருவியிலிருந்து நீக்கப்பட வேண்டும். மற்றைய எல்லா விலக்குகளும் எழுத்து மூலம் கோரப்பட வேண்டும். எந்த விலக்கும் ஓராண்டுக்கு மேல் செல்லாது. நீடிக்க வேண்டுமாயின் புதிதாகக் கோர வேண்டும்."

மாந்தைக்காரி

நல்லது. காலாவதித் திகதி இருப்பதுதான் முக்கியம், இல்லாவிட்டால் விலக்கே வழக்கமாகிவிடும். கொள்கையை எப்போது மீளாய்வு செய்வது என்றும் ஒரு வரி சேருங்கள், இரண்டு ஆண்டு போதும். இன்றைய நிலைப் பட்டியலை முதலில் எந்தத் தரவோடு தொடங்கப்போகிறீர்கள்? எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்தால் முடிக்கமாட்டீர்கள்.

கனகராயன்

இரண்டு எடுக்கிறேன் அக்கா. ஒன்று, முள்ளியவளை அக்கா சொன்ன தனிநபர் பட்டியல்கள், எங்கள் அலுவலகத்துக்குள் எத்தனை பிரதி எங்கெங்கே கிடக்கின்றன என்று. மற்றது குளங்கள். பூநகரான் அண்ணை, உங்கள் பிரதேசத்தின் மூன்று பட்டியலையும் அனுப்ப முடியுமா? ஒவ்வொரு குளத்துக்கும் நேரே உரிமையாளர் பதவியை எழுதி, கமநல திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பி, சிறு குளங்களின் கொள்ளளவை அவர்களே உறுதிப்படுத்தித் தரும்படி பணிப்பாளரின் கையொப்பத்தோடு கடிதம் போடுகிறேன்.

பூநகரான்

திங்கள் அனுப்புகிறேன். கமநலத்தின் பட்டியல் கையெழுத்தில் இருக்கிறது, படம் எடுத்துத்தான் அனுப்ப வேண்டும். கடிதத்தில் பதிலுக்குக் கெடு போட மறக்காதீர்கள்.